குடுத்ததும் கொடுத்ததும்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை அடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையில் சேந்தமங்கலத்தைக் கடப்பவர்கள் ஊரின் பெயரை இரண்டு விதமாகக் காணலாம். சில பலகைகளில் ‘சேந்தமங்கலம்’, சிலவற்றில் ‘சேந்தமங்களம்’. ‘மங்கலம்’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் ஏராளமாக உண்டு. வேதியர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர்கள் சதுர்வேதிமங்கலம் என்றே வழங்கின. ‘மங்களம்’ கச்சேரியின் முடிவில் பாடப்படுவது. ஆகவே ஊருக்கு உரியது லகரமே. ஆனால் கிழக்கே கொல்லிமலையின் முகட்டைத் தாண்டி வெயில் இறங்கும் காலை வேளையில், கடையின் கதவைத் திறந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னால், “எப்படி எழுதினாலும் பஸ் இங்கேதானே நிற்கும்” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

எழுத்துப் பிழைகளைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நீண்ட நாட்களாக உண்டு. அதற்குக் காரணம் இந்தப் பலகைகள் அல்ல, ஒரு கடிதம்.

1983இல் நான் சேலத்தில் விடுதியில் தங்கித் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து அக்கா மாதம் ஒருமுறை நீல நிற உள்நாட்டுக் கடிதத்தில் எழுதுவாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ‘தம்பிக்கு அக்கா எழுதி கொண்டது’ என்று தொடங்கி, எருமை கன்று ஈன்றது, மலையில் மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்தது, அம்மாவின் முழங்கால் வலி என்று மூன்று மடிப்பும் நிறைய எழுதுவாள். அப்போதுதான் நன்னூலின் புணரியலைப் படித்து முடித்திருந்த நான், ஒருமுறை அவளுடைய கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். பதினேழு பிழைகள். ‘எழுதிக் கொண்டது’ என்று ஒற்று மிகும் என ஓரத்தில் விதியையும் எழுதியிருந்தேன். விளையாட்டாகச் செய்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த கடிதம் மாமாவின் கையெழுத்தில் வந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. செய்தியும் அதிகம் இல்லை. அக்கா அதன்பின் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

ஒரு மொழியைப் பிறந்தது முதல் பேசிவரும் ஒருவர், அதே மொழியை எழுதத் தொடங்கும்போது ஏன் தடுமாறுகிறார்? அந்தத் தடுமாற்றம் ஏன் அவமானமாக மாறுகிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால் தமிழ் எழுத்தின் வரலாற்றுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

*

இன்று பிழை என்று நாம் வட்டமிடும் பலவும் முற்காலத்தில் கண்ணுக்கே தெரிந்திருக்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு என்றும் சொல்கிறது. ஆனால் விதி வேறு, வழக்கம் வேறு. கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் சுவடி எழுதியவர்களும் அதைத் தவிர்த்தனர். எகர ஏகாரங்களுக்கு ஒரே கொம்பு. ஒகர ஓகாரங்களுக்கும் அவ்வாறே. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது. எழுதியதை எழுதியபடியே வாசிக்க முடியாது. மொழியை முன்பே அறிந்தவர்தான் பொருத்திப் பொருத்தி வாசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரை நினைவுகூர வேண்டும். 1880 அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை இளம் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சந்திக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியாருக்கு அதில் வியப்பு எதுவும் ஏற்படவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தக் கேள்வியும், பின்னர் அவர் கொடுத்த பிரதியும் சேர்ந்து உ.வே.சா.வின் வாழ்க்கையைத் திசை திருப்பின. சிந்தாமணி அச்சில் வந்தது 1887இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அவர் பட்ட பாட்டைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாகவே எழுதியிருக்கிறார். சுவடியில் எது மூலம், எது உரை, எது உரையில் எடுத்துக்காட்டாக வந்த வேறு நூலின் அடி என்று பிரித்தறிவதே முதல் போராட்டம். கொம்பு குறிலா நெடிலா, கோடு காலா ரகரமா என்பது ஒவ்வோர் எழுத்திலும் எழும் ஐயம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கே எழுத்து இவ்வளவு தொல்லை கொடுத்திருக்கிறது என்பதை, எழுத்துப் பிழைக்காக வெட்கப்படும் எவரும் தெரிந்துகொள்வது நல்லது.

*

இலக்கணம் நம்மை அச்சுறுத்துவதற்காக எழுதப்பட்டதன்று என்பதற்கும் ஒரு சான்று கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. பள்ளியில் நாம் படிக்கும் புணர்ச்சி விதிகளில் பெரும்பகுதி பவணந்தி முனிவரின் நன்னூலிலிருந்து வருபவை. அவர் சமணர், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், அவனுக்குக் கீழ்ப்பட்ட கங்க மரபுத் தலைவனான சீயகங்கன் வேண்டியதால் இந்நூலைச் செய்தார். ஈரோட்டுப் பக்கத்தில் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தை அவருடைய ஊர் என்று சொல்லும் வழக்கு உண்டு. கொங்கின் மேற்கில் அவர், கிழக்கு ஓரத்தில் கொல்லிமலை அடியில் நாங்கள்.

நன்னூல் ஒரு சுருக்கநூல். தொல்காப்பியம் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு நூற்பாக்களில் எழுத்து, சொல், பொருள் மூன்றையும் விரித்தது. பவணந்தியார் எழுத்தையும் சொல்லையும் நானூற்று அறுபத்திரண்டு நூற்பாக்களில் அடக்கினார். ஐந்து இலக்கணமும் சொல்வதாகப் பாயிரம் கூறினாலும் நமக்குக் கிடைப்பவை இவ்விரண்டே. கற்பவரின் சிரமத்தை அறிந்தவர் எழுதிய நூல் என்பதைப் பொதுப்பாயிரத்திலேயே காணலாம். ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எத்தனை வகை என்றெல்லாம் பேசிவிட்டு, ஆசிரியர் சொல்வதைச் சரியாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும் என்கிறார். உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துச் சொல்வதால் மீதி அரைப் பங்கு. கடைசி நூற்பாவிலோ, பழையவை கழிவதும் புதியவை புகுவதும் காலத்தின் இயல்பு, அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லி நூலை முடிக்கிறார். 1983இல் சிவப்பு மையைத் தொட்டபோது புணரியல் எனக்கு மனப்பாடம். அந்தக் கடைசி நூற்பாவும் மனப்பாடம்தான். அதன் பொருளைத்தான் எண்ணிப் பார்க்கவில்லை.

*

ஒற்று மிகும், மிகாது என்ற சிக்கல் எப்போது இவ்வளவு பெரிதாயிற்று? அச்சும், சொற்களைப் பிரித்து எழுதும் பழக்கமும் பரவிய பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் அச்சின் கதை 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்திலிருந்து தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவிலேயே வேறுபடுத்தினார். கொம்பின் மேல் சுழித்தால் நெடில் என்பது அவர் வழி வந்தது. 1835இல் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் நீங்கியபின் நூல்கள் பெருகின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பெரியபுராணத்தை வசனமாக்கியும் பாலபாடங்கள் எழுதியும் இலக்கணச் சுருக்கம், நன்னூற் காண்டிகையுரை ஆகியவற்றை வெளியிட்டும் இன்றைய உரைநடைக்கு வழி அமைத்தார். கடினமான சந்திகளைப் பிரித்து, காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி இட்டு அவர் அச்சிட்ட பக்கம், வாசிப்பவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

இதில் ஒரு விளைவை நாம் கவனிப்பதில்லை. சொற்கள் தொடர்ந்து ஓடும்போது ‘எனக்குக்கொடு’ என்பது ஒரே ஒலித்தொடர். நாக்கு தானாகவே ககரத்தை அழுத்துகிறது. காது தானாகவே அதைக் கேட்கிறது. சொற்களைப் பிரித்தவுடன் அந்த ‘க்’ முதற்சொல்லின் முடிவில் தனியாகத் தொங்கத் தொடங்குகிறது. ஒலியால் அது இரண்டாம் சொல்லுக்கு நெருக்கமானது. எழுத்தால் முதற்சொல்லின் வால். வாயில் இருந்தவரை அது பழக்கம். தாளில் இறங்கியதும் நினைவில் வைக்க வேண்டிய விதியாகிவிட்டது. ‘அந்த’, ‘இந்த’ முதலியவற்றின் பின் மிகும். இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வந்தால் மிகும். வினைத்தொகையில் மிகாது, உம்மைத்தொகையில் மிகாது என்ற பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, இதையெல்லாம் அவர் பேச்சில் ஏற்கெனவே பெரும்பாலும் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார் என்பதை யாரும் சொல்வதில்லை. யாரும் ‘ஊறுக்காய்’ என்று பேசுவதில்லை. ‘அந்தப் பையன்’ என்பதைப் பகரம் அழுத்தாமல் சொல்பவரும் அரிது. உரக்க வாசித்துப் பார்த்தாலே ஒற்றுப் பிழைகளில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

ரகர றகரம், லகர ளகர ழகரம், னகர ணகரம் ஆகியவற்றின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே காது உதவாது. றகரம் முற்காலத்தில் தனி ஒலி. யாழ்ப்பாணத்திலும் குமரி மாவட்டத்திலும் மலையாளத்திலும் அதன் சாயலை இன்றும் கேட்கலாம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘அரை’க்கும் ‘அறை’க்கும் வேறுபாடு இல்லை. ‘வாழைப்பழம்’ சந்தையில் ‘வாளப்பளம்’ ஆகிவிடுகிறது. ஒலி மறைந்து எழுத்து மட்டும் நின்றுவிட்ட இடங்களில், ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் கற்றுத்தான் ஆக வேண்டும். புத்தகம் அதிகம் பார்க்கக் கிடைக்காதவர் இங்கே தவறுவார். லாரியின் பின்புறத்தில் ‘ஒளி எழுப்பவும்’ என்று எழுதிய ஓவியரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் கேட்டதை எழுதினார், கேட்டது ஒன்றுதான்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வாறு இரண்டு நடைகள் நிலவுவதை 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் விரிவாக ஆராய்ந்தார். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டியின் கிரியோல் ஆகியவை அவர் எடுத்துக்கொண்ட மொழிச்சூழல்கள். இரட்டை வழக்கு எனப்படும் இந்நிலைக்குத் தமிழ் நல்ல உதாரணம். கிரேக்கர்கள் 1976இல் தூய நடையை அரசு வழக்கிலிருந்து விலக்கினர். 1982இல், பல நூற்றாண்டுகளாகப் பிள்ளைகளை வருத்திய பலவகை அழுத்தக்குறிகளைக் குறைத்து ஒன்றாக்கினர். மரபுக்கு அழிவு வரும் என்று அங்கேயும் கண்டனம் எழாமலில்லை.

*

தமிழிலும் இத்தகைய மாற்றம் நடந்ததுண்டு. பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் தம் பழைய வளைவுகளை விட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் பெற்றன. அதற்குமுன் படித்தவர்கள் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்த பழைய ‘லை’யை அறிவார்கள். அக்கா கற்றது அந்த எழுத்து. அவளுடைய கடிதத்தில் நான் வட்டமிட்ட பதினேழில் இரண்டு, பழைய வடிவில் எழுதிய ‘லை’யும் ‘னை’யும். அரசாணை வந்து ஐந்தாண்டுகள் ஆகியும் இவள் மாறவில்லையே என்று எண்ணியிருக்கிறேன். பள்ளியை விட்டுப் பதினேழு ஆண்டுகள் ஆனவளுக்கு அரசாணையை யார் கொண்டுபோய்க் காட்டியிருப்பார்கள்?

இலக்கணத்தில் உறுதியாக நின்றவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். சேலத்தை அடுத்த சமுத்திரத்தில் பிறந்த பெருஞ்சித்திரனார் அங்கே அவரிடம் பயின்றவர். சொல்லாராய்ச்சியாளராகவே பாவாணரை நாம் நினைக்கிறோம். ஆனால் மாணவர்கள் தமிழில் கட்டுரை எழுதப் படும் பாட்டையும் அவர் பொருட்படுத்தினார். கட்டுரை வரைவியல், உயர்தரக் கட்டுரை இலக்கணம் ஆகியவற்றை எழுதினார். ஆங்கிலத்தில் பிழையாக எழுதினால் நாணுகிறவர்கள் தமிழில் பிழையாக எழுதினால் நாணுவதில்லை என்பது அந்தத் தலைமுறைத் தமிழாசிரியர்கள் பலருக்கும் இருந்த மனக்குறை. அலுவலகத்திலும் உயர்கல்வியிலும் தமிழுக்கு இடமில்லாத காலத்தில், மொழியின் மதிப்பை அவர்கள் பிழையற்ற எழுத்தில் கண்டனர். அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

விதிகள் வெறும் அலங்காரமும் அல்ல. ‘வேலை கொடு’ என்றால் பணி. ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையில் இருப்பது. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானையிடமிருந்து வந்தது. பத்திரப் பதிவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்’ என்று தொடங்கி முற்றுப்புள்ளியே இல்லாமல் நான்கு பக்கம் ஓடும் பத்திரத் தமிழ், ஒருவகையில் ஓலைச்சுவடியின் வாரிசு. அதில் ஒரு பெயரில் ளகரம் லகரமாகிவிட்டால், பின்னொரு நாள் வங்கிக் கடனோ பாகப்பிரிவினையோ வரும்போது பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டிவரும். எங்கள் உறவில் ஒரு பாட்டி, தன் பெயர் தன் பெயர்தான் என்று மெய்ப்பிக்க இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். ஆகவே, எப்படி எழுதினால் என்ன என்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. எந்தப் பிழையால் யாருக்கு என்ன இழப்பு என்று பார்த்துத் திருத்துவது ஒன்று. திருத்தத் தெரியும் என்பதைக் காட்டுவதற்காகத் திருத்துவது வேறொன்று. நான் செய்தது இரண்டாவது.

*

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், 1010ஆம் ஆண்டை ஒட்டி இராசராச சோழன் வெட்டுவித்த ஆணை ஒன்று உண்டு. தான் அளித்தவை, தன் தமக்கை அளித்தவை, தன் தேவியர் அளித்தவை, மற்றவர்கள் அளித்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்பது அதன் செய்தி. கொடை வழங்கிய பெருமையைப் பேசுபவர்கள் அதைத் தவறாமல் சுட்டுவார்கள். நான் அதை முதலில் நிழற்படத்தில் வாசித்தபோது வேறொன்றில் கண் நின்றுவிட்டது. ‘கொடுத்த’ என்று அதில் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் ‘குடுத்த’ என்றே இருக்கிறது. அரசனின் ஆணை, பெருங்கோயிலின் சுவர், தேர்ந்த கல்தச்சர். ஆனாலும் சொல் பேச்சில் வழங்குவது. பள்ளித் தேர்வில் எழுதினால் மதிப்பெண் குறையும்.

அக்காவின் வீட்டில் பால் கணக்கு எழுதும் நோட்டு ஒன்று உண்டு. நாற்பது பக்க நோட்டு முடிய முடிய அடுத்ததை வாங்கிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறாள். காலை இத்தனை லிட்டர், மாலை இத்தனை லிட்டர், தவிட்டுக்குக் குடுத்தது, மருந்துக்குக் குடுத்தது. எனக்குக் கடிதம் எழுதுவதைத்தான் அவள் நிறுத்தியிருந்தாள். எழுதுவதை நிறுத்தவில்லை என்பது அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது அவளிடம் இராசராசன் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பழைய கடிதத்தைப் பற்றியும், நாற்பது ஆண்டுகள் கழித்து, மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு நினைவிருக்காது என்று எண்ணியிருந்தேன். நினைவிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“ராசா எழுதுனா கல்லுல வெட்டறீங்க சாமி. நாங்க எழுதுனா செவப்பு மையில வெட்டறீங்க.”

பிறகு சிரித்துவிட்டு, நோட்டை என்னிடமிருந்து வாங்கி அன்றைய மாலைக் கணக்கை எழுதினாள். அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தவிட்டுக்கு இவ்வளவு என்று தொகையை இட்டு, பக்கத்தில் ‘குடுத்தது’ என்று எழுதினாள். தவிட்டின் ‘வி’க்கு மேலே விசிறி சரியாக விழவில்லை என்று, தானே அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதினாள்.